மூன்றாவது தடவை எழுந்து போனால்

சீல் அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு பெட்டியைக்கூடப் பிரித்ததில்லை. அது அவருக்குப் பெருமை; பிழைப்பும் அதுதான். வீடியோ கேம் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள், "எண்ணி எழுநூறு பெட்டிதான், அப்புறம் தலைகீழாக நின்றாலும் கிடையாது" என்று அறிவித்துவிட்டு நெட்டில் விற்பனையைத் திறக்கும். காலை பத்து மணிக்குத் திறந்தால் பத்து நாலுக்கு எல்லாம் தீர்ந்துவிடும். அந்த நாலு நிமிஷத்துக்குள் தன் பெயரில், மனைவி பெயரில், மச்சினன் பெயரில், என்றைக்கோ செத்துப்போன மாமனார் பெயரில் என்று முப்பது நாற்பது பெட்டிகளை அள்ளிவிடுவார். பிறகு ஆறு மாதம் அவற்றை அலமாரியில் தூங்கவிட்டு, யானை விலை குதிரை விலைக்கு விற்பார்.

உள்ளே இருப்பது என்ன ஆட்டம், அதில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, வைர வியாபாரி வைரத்தைக் கடித்தா பார்க்கிறான்? பெட்டியைச் சுற்றியிருக்கிறதே மெல்லிய கண்ணாடித்தாள், அந்தச் சீல்தான் சரக்கு. அதில் நகக்கீறல் விழுந்தால் விலையில் கால்வாசி போச்சு. கிழிந்தால் பாதி. அவர் பெட்டிகளைப் பிடிக்கிற பக்குவத்தைப் பார்த்தால், பெற்ற பெண்ணைக்கூட அவர் இப்படித் தூக்கியிருக்க மாட்டார் என்று தோன்றும்.

அந்தப் பெற்ற பெண்தான் இப்போது எதிரில் உட்கார்ந்திருந்தாள். மனைவி இறந்து ஒன்பதாவது மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. கல்லா மேஜையில் ஒரே ஒரு பெட்டி. நாற்பது வாங்கியதில் கடைசியாக மிஞ்சியது. அண்ணன் பிளேடை எடுத்து, அதன் முனையைக் கண்ணாடித்தாளின் மடிப்பில் வைத்தார். கை நின்றுவிட்டது.

"நான் பிரிக்கட்டுமாப்பா?" என்றாள் மகள்.

"இரு கண்ணு. என் கையாலயே செய்யறேன்."

ஏன் பிரிக்க வேண்டி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்ணனின் மனைவிக்குப் பாத்திரக்கடை. வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், மாடியில் வாடகைக்கு விட்ட ஓர் அறை. அந்தத் தெருவில் அவளிடம் பாத்திரம் வாங்குவது சும்மா நடக்கிற காரியமில்லை. அவள் ஒரு விலை சொல்வாள். வாங்க வந்தவர் பாதி விலை கேட்பார். அவள் சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். கையில் இருக்கிற பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். வந்தவர் எழுந்து போவார். போகட்டும் என்று விடுவாள். நாலடி போனவர் ஏதோ மறந்ததுபோலத் திரும்பி வந்து இன்னொரு விலை கேட்பார். இந்தத் தடவை அவள் கொஞ்சம் இறங்குவாள், ஆனால் போதாது. மறுபடி போவார், மறுபடி வருவார். மூன்றாவது தடவை அவர் வாசற்படி இறங்கும்போது, கையில் இருக்கும் பாத்திரத்தை மேஜைமேல் வைப்பாள். டங் என்று ஒரு சத்தம். அது கேட்டால் அவள் இறங்கி வந்துவிட்டாள் என்று அர்த்தம். எதிர்வரிசையில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவருக்குக்கூட அது தெரியும். "அக்கா வச்சுட்டாங்க, போயி வாங்கிக்குங்க" என்று அங்கிருந்தே சொல்வார்.

"மூணு தடவை எழுந்து போகாம வாங்கறவன் ஏமாளி. நாலாவது தடவையும் போறவன் பகையாளி" என்பாள்.

புருஷனின் வியாபாரத்தை அவள் வியாபாரம் என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

"பேரம் பேசாம விக்கறதுக்குப் பேரு வேறங்க. வழியில மடக்கிப் புடுங்கறதுன்னு சொல்லுவாங்க."

"இதுல யாரும் பேரம் பேச மாட்டாங்கடி. விலை போட்டிருக்கும். வேணும்னா வாங்கு, வேணாம்னா போ."

"போறவன் திரும்பிப் பார்த்தா?"

"அதை நாம பார்க்கவே முடியாது. நெட்டுல போறவன் முதுகு எங்க தெரியுது?"

"அதான் சொல்றேன். போறவன் முதுகைப் பார்க்காதவனுக்கு என்ன வியாபாரம் தெரியும்?"

மாடி அறையில் குடியிருந்தவள் ஒரு சின்னக் கம்பெனிக்காக மூன்று வருஷமாய் ஒரே ஒரு ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு வழிப்போக்கன் ஊர் ஊராய் நடந்து போகிற ஆட்டம். நடுவில் ஒரு சந்தை வரும். சந்தையில் ஒரு பாத்திரக்காரி. கீழேயிருந்து ஏறி வருகிற பேரச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாத்திரக்காரி அவள் கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள் போல. வேலை முடிகிற சமயத்தில் ஒருநாள் இறங்கி வந்து கேட்டாள்.

"அக்கா, உங்க குரலைக் கொஞ்சம் குடுங்க."

"குரலைக் குடுத்துட்டு நான் எதை வச்சு விக்கறது?"

அதற்கும் பேரம் நடந்தது. பணமாக வேண்டாம், விளையாடுகிற மிஷின் ஒன்றும் அதற்குள் அந்த ஆட்டமும் வேண்டும் என்று அண்ணனின் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்ட மாடி அறையில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பேசிவிட்டு, வியர்த்து வழிய இறங்கி வந்தாள்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் மகள் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். தானே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். அவன் ஊரிலேயே வேலையும் பார்த்துக்கொண்டாள். அம்மாக்காரி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. "படி இறங்கினா நான் கூப்பிட மாட்டேன்" என்றாள். மகளும் அவள் வயிற்றில் பிறந்தவள்தானே, இறங்கினாள். சித்தம் கலங்குகிற வெயில். வாசலில் நின்றாள். தெருமுனையில் நின்றாள். எதிரே தெரியும் பஸ் நிறுத்தத்தில், கூரையின் நிழலுக்குள் போகாமல், கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நின்றாள். கடைக்குள் பாத்திரம் துடைக்கிற துணி நிற்கவில்லை. பஸ் வந்தது.

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அண்ணன் மட்டும் பின்கட்டில் போய் நின்று மகளோடு போனில் பேசுவார். மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

குரல் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவள் சொன்னாள்:

"நீங்க அவகிட்டப் பேசறது எனக்குத் தெரியும். அந்த ஆட்டம் வந்தா வாங்கி விளையாடச் சொல்லுங்க. சந்தையில என் கடைக்கு வந்து, விலை கேட்டுட்டு, மூணு தடவை எழுந்து போகச் சொல்லுங்க."

"போனா?"

"போனாத் தெரியும்."

"அதை நீயே போன் போட்டுச் சொல்லேன்."

"போன் போட்டுச் சொல்ல முடிஞ்சா, இந்த வேக்காட்டுல போர்வைக்குள்ள உக்காந்து நான் எதுக்குப் பேசிட்டு வரேன்?"

அண்ணன் சரி என்றார். பத்து மணி விற்பனையில் நாற்பது பெட்டி பிடித்தார். அதில் ஒன்றை மகளுக்கு அனுப்பிவைத்தால் காரியம் முடிந்தது. ஆனால் விலை அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு அனுப்புகிற பெட்டி அடுத்த மாதம் இரண்டு பங்கு போகும். எல்லாவற்றையும் விற்றபின் கடைசியில் மிஞ்சுவதை அனுப்பினால் போகிறது. தாயும் மகளும் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்? இப்படி அவர் மனசு அவரிடமே பேரம் பேசி ஜெயித்துவிட்டது. மகளிடம் வாய்வார்த்தையாகக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பெட்டியைக் கேட்பாளே.

மனைவி மட்டும் தன் மிஷினைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில், தன் குரலிடம் தானே பேரம் பேசிக்கொண்டிருப்பாள். "ஒரு தடவை வந்து கேளுங்களேன்" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். அண்ணன் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

மகள் வந்து அழுதுவிட்டுப் போனாள். கடை மூடியே கிடந்தது. மூன்றாவது மாதம், கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த மிஷின் இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அண்ணன் அதை விற்றுவிட்டார். பழைய மிஷினை விற்குமுன் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து அழிக்க வேண்டும். அந்தத் தொழிலில் அது பல் விளக்குகிற மாதிரி. யோசிக்காமல் செய்வது. அழிக்கட்டுமா என்று மிஷின் கேட்டது. ஆம் என்றார். உறுதியாகவா என்றது. ஆம் என்றார். அவருக்கென்ன கவலை? நெட்டில் இறக்கியது, காற்றில் வந்தது காற்றில் போகும். சீல் வைத்த பெட்டி ஒன்று அலமாரியில் இருக்கிறதே, கையால் தொடுகிற பொருள்.

அதற்குள் அந்தக் கம்பெனியும் நொடித்து மூடிவிட்டது. ஆட்டத்தை இறக்கிக்கொள்ள அவர்கள் நெட்டில் வைத்திருந்த கடையும் சேர்ந்தே மூடிவிட்டது. பெட்டி விலை மூன்று மடங்கானது. அன்றைக்குக்கூட அண்ணன் மனசுக்குள் தன்னை மெச்சிக்கொண்டார்.

அம்மா சொல்லச் சொன்னதைப் போன வாரம்தான் மகளிடம் போனில் உடைத்துச் சொன்னார்.

"இதை ஏம்ப்பா இத்தனை நாளாச் சொல்லல?"

"நீ வா கண்ணு. பெட்டி இருக்கு" என்றார்.

பிளேடு மடிப்பில் இறங்கியது. கண்ணாடித்தாள் காய்ந்த இலை மாதிரி சரசரத்துப் பிரிந்தது. அண்ணன் விற்க வைத்திருந்த மிஷின் ஒன்றில் மகள் டிஸ்க்கைப் போட்டாள். 'அப்டேட் தேடுகிறது' என்று திரையில் வந்தது. 'கிடைக்கவில்லை' என்று வந்தது. பிறகு ஆட்டம் ஆரம்பித்தது.

சந்தைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வழிப்போக்கன் ஆறு தாண்டினான், மழையில் நனைந்தான், ஒரு நாயோடு சிநேகமானான். அண்ணன் இரண்டு தடவை டீ போட்டு வந்தார். கடைசியில் ஒரு தெருத் திருப்பத்தில் பந்தல் போட்ட கடை தெரிந்தது. பாத்திரங்களுக்கு நடுவில் ஒருத்தி, ஒரு கையில் துணி, ஒரு கையில் சட்டி, உடம்பின் பாரத்தை ஒரே காலில் போட்டு நிற்கிறாள்.

"அம்மா நிக்கற மாதிரியே" என்றாள் மகள்.

வழிப்போக்கன் கிட்டே போனான். பாத்திரக்காரி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கீழே எழுத்து மட்டும் வந்தது: 'சட்டி இருபது காசு.'

"சவுண்டு கம்மியா இருக்கும்" என்று அண்ணன் எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். மழைச் சத்தம் அதிகமானது. வண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது. நாய் குரைத்தது. பாத்திரக்காரியின் வாய் திறந்து திறந்து மூடியது.

மகள் வழிப்போக்கனைத் திருப்பி நடக்கவிட்டாள். ஒன்று. வந்து கேட்டு, மறுபடி நடந்தாள். இரண்டு. மூன்றாவது தடவை மிக மெதுவாக நடத்திப் போனாள். பாத்திரக்காரி துணியால் சட்டியைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

மகள் இன்னும் ஏழெட்டுத் தடவை போய்ப் போய் வந்தாள். பிறகு கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி, "இங்கயும் கூப்பிடல" என்றாள்.

மாடியில் குடியிருந்தவள் காலி செய்து போகும்போது கொடுத்த எண்ணை அண்ணன் கூப்பிட்டார். அது உபயோகத்தில் இல்லை என்றது. கூட்டாளி ஒருவனைக் கூப்பிட்டார். தொழிலில் அவனுக்கு நாலு போன் மாப்பிள்ளை என்று பெயர்; பத்து மணி விற்பனைக்கு நாலு போனோடு உட்காருவான்.

"மாப்பிள்ளை, அந்த எழுநூறு பெட்டி ஆட்டம், சந்தை வருமே..."

"நாலு வச்சிருக்கேன் அண்ணே. சீல் அப்படியே பச்சக்குழந்தை மாதிரி இருக்கு. என்ன விலைக்கு எடுக்கறீங்க?"

"விலை இல்ல. அதை விளையாடினவங்க யாரையாச்சும் தெரியுமா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "விளையாடறதா? அதை எதுக்கு அண்ணே விளையாடணும்?"

ஒன்பது பேரைக் கூப்பிட்டார். தன்னிடம் வாங்கியவர்களையும் கூப்பிட்டார். எல்லோரும் ஒரே பாட்டுத்தான். சீல் பத்திரமாக இருக்கிறது. விலை இன்னும் ஏறும். அண்ணன் என்ன நினைக்கிறார்? அவர் விற்ற முப்பத்தொன்பதும் கைக்குக் கை மாறி, அலமாரிக்கு அலமாரி குடிபெயர்ந்து, கண்ணாடித்தாள் கலையாமல் கிடந்தன. ஒரே ஒருவன் மட்டும் பிரித்ததாக ஒப்புக்கொண்டான், அதுவும் குழந்தை கடித்துவிட்டது என்பதால்.

"அப்ப இதை யாருமே விளையாடலையாப்பா?" என்றாள் மகள்.

அப்போதுதான் அவருக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருவனின் ஞாபகம் வந்தது.

ஒன்றரை வருஷம் முன்பு, நெட்டில் விலையைப் பார்த்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு ஒரு ஆள் நேரிலேயே கடைக்கு வந்தான். பெட்டியைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். விலை கேட்டான்.

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா அண்ணே?"

"விலை விலைதான். பெட்டியேதான் வேணும்னு என்ன பிடிவாதம்? நெட்டுல இருக்கு, இறக்கிக்க. கால்வாசி விலை."

"நெட்டுல இருக்கறது இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது அண்ணே. பெட்டின்னா நம்ம வீட்டுல இருக்கும்."

"அப்ப நம்ம வீட்டுல இருக்கறதுக்கு உண்டான விலையைக் குடு."

அவன் போனான். வாசலில் நின்றான், திரும்பி வந்து ஒரு விலை கேட்டான். போனான். மறுபடி வந்து, 'விலை இறங்கினாச் சொல்லுங்க' என்று சீட்டில் தன் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனான். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள்.

"என்னங்க, அந்தத் தம்பி மூணாவது தடவை போறான். மெதுவா நடக்கறான் பாருங்க. கூப்பிடுங்க."

"இது உன் பாத்திர வியாபாரம் இல்ல" என்றார் அண்ணன்.

அந்தச் சீட்டு இழுப்பறையின் அடியில் இருந்தது. அந்த எண்ணுக்குப் போன் போட்டு, அவன் வேலை செய்கிற இடத்தைக் கேட்டுக்கொண்டார்.

பத்து மாடிக் கட்டிடத்தின் உச்சியில் லிஃப்டுக்கான மோட்டார் அறை. கடைசி மாடிக்கு மேல் இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அண்ணன் மூச்சு வாங்க ஏறினார். மகள் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். உள்ளே எண்ணெய் வாசனை. ஆள் உயரச் சக்கரத்தில் கம்பிவடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கீழே யாரோ எந்த மாடிக்கோ போகிறார்கள். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தபடி அண்ணனை உற்றுப் பார்த்தான்.

"விலை இறங்கிடுச்சா அண்ணே?"

கேலியாகத்தான் கேட்டான். அண்ணனுக்குச் சிரிக்க வரவில்லை.

"தம்பி, நான் அன்னைக்குச் சொன்னேனே, இறக்கிக்கன்னு. இறக்கினியா?"

"நீங்கதான் வேற வழி விடலையே. இறக்கினேன்."

"இன்னும் வச்சிருக்கியா?"

"வச்சிருந்தேன். மிஷின்ல இடம் இல்லன்னு ஆறு மாசம் முன்னாடி அழிச்சேன். காசு குடுத்து வாங்கினதுதானே, எப்ப வேணும்னாலும் திரும்ப எடுத்துக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் போய்ப் பார்த்தா கடையே இல்ல." மோட்டார் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் அவன் குரல் பெரிதாகக் கேட்டது. "ஏன் அண்ணே? உங்ககிட்டதான் பெட்டி பெட்டியா இருக்கே."

மகள் பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள். மெக்கானிக் அதை வாங்கவில்லை. "பிரிச்சுட்டீங்களா" என்றான், ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி.

"பாத்திரக்காரி பேச மாட்டேங்கறாங்க" என்றாள் மகள். "அது எங்கம்மா குரல்."

அவன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். கவிழ்த்துப் போட்டிருந்த டப்பா ஒன்றைத் துடைத்து அவள் உட்காரக் கொடுத்தான்.

"டிஸ்க்குல பேச மாட்டாங்கக்கா. பெட்டி வெளிய வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே டிஸ்க்கை அச்சுக்குக் குடுத்துடணும். அப்ப ஆட்டம் முழுசா முடியல. அந்தப் பேரமும் குரலும் கடைசியாச் சேர்த்தது, வெளிய வந்த முதல் நாளு நெட்டுல அப்டேட்டா விட்டாங்க. திருட்டுக் காப்பி எதுனா இருக்கான்னு தேடிப் பார்த்தேன், அதுவும் டிஸ்க்குல இருந்து எடுத்ததுதான். பண்ணினவங்களுக்கே எழுதிக் கேட்டேன். கம்பெனி மிஷின் எல்லாம் ஏலத்துல போச்சு, என்கிட்டயே இல்லன்னு ஒரு வரி பதில் வந்துச்சு. அப்புறம் அந்த முகவரியும் செத்துப் போச்சு."

"விளையாடி வீடியோ போட்டவங்க யாராச்சும்?"

"ரெண்டு மூணு பேரு போட்டாங்க. எல்லாரும் சந்தையில கேட்ட விலையைக் குடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டாங்க. யாரு இப்பப் பேரம் பேசறாங்கக்கா?"

அண்ணன் கம்பிவடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள்தான் கேட்டாள்.

"மூணு தடவை எழுந்து போனா என்னமோ சொல்லுவாங்களாமே. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. ஆட்டத்துலயும் என்கிட்டக் காசு இல்ல, அதனால போயிட்டுப் போயிட்டு வந்தேன்." அவன் லேசாகச் சிரித்தான். "முதல் தடவை எழுந்தா, 'போறவருக்கு வழி விடுங்கப்பா, வழியில நிக்காதீங்க'ம்பாங்க. அங்க வேற யாருமே இருக்க மாட்டாங்க."

மகளுக்கும் சிரிப்பு வந்தது. அம்மா சொல்கிற வசனம்தான் அது.

"ரெண்டாவது தடவை, 'ரெண்டு காசு குறைச்சுக்கறேன், அதுக்கு மேல குறைச்சா எனக்குத் துடைக்கற துணிதான் மிச்சம்'பாங்க. மூணாவது தடவை போறப்ப முதல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டங்னு ஒரு சத்தம் வரும். பாத்திரத்தைக் கீழ வைக்கற மாதிரி. அப்புறம்..."

கீழே யாரோ பொத்தானை அமுக்கினார்கள். சக்கரம் சுற்றத் தொடங்கியது. மூவரும் காத்திருந்தார்கள். லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக இறங்கி, எங்கோ ஆழத்தில் நின்றது.

"'சரி வா. நீ சொன்ன விலைதான். வெயில்ல நிக்காத, வா.' அவ்வளவுதான்க்கா." அவன் கொஞ்சம் யோசித்தான். "சந்தையில அப்ப மழைதான் பெஞ்சுக்கிட்டிருக்கும். எதுக்கு வெயில்னு சொல்றாங்கன்னு எனக்குப் புரியல. தப்பாப் பேசிட்டாங்க, யாரும் கவனிக்காம விட்டுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

மகள் இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனின் கண்ணுக்கு முன்னால் அந்தப் பஸ் நிறுத்தம் வந்தது. கூரையின் நிழல் இரண்டடி தள்ளி இருக்க, வெயிலில் நின்றுகொண்டிருந்த அவள் நெற்றி வந்தது. கடைக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த துணி வந்தது. மனைவி தலையைத் தூக்கவே இல்லை என்றுதான் இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார்.

"கோபமா சொல்லுவாங்களா?" என்றாள் மகள்.

"இல்லக்கா. அவசரமா. கையில வேலை இருக்கறப்ப கூப்பிடுவாங்கல்ல, அப்படி."

"இன்னொரு தடவை சொல்றீங்களா?"

அவன் கூச்சத்தோடு அண்ணனைப் பார்த்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, கிரீஸ் படிந்த கைகளைப் பின்னால் கட்டியபடி சொன்னான்: "சரி வா. நீ சொன்ன விலைதான். வெயில்ல நிக்காத, வா." சொல்லிவிட்டு, "அவங்க சொன்னா நல்லா இருக்கும். எனக்கு வராதுக்கா" என்றான்.

புறப்படும்போது அண்ணன் பெட்டியை அவனிடம் நீட்டினார். "நீ வச்சுக்க தம்பி. விலையெல்லாம் ஒண்ணும் இல்ல."

மெக்கானிக் இந்தத் தடவை வாங்கிப் பார்த்தான். பின்பக்கத்தைப் படித்தான். திறந்து மோந்து பார்த்தான். ஒருகாலத்தில் எவ்வளவு ஆசைப்பட்டான் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. பிறகு மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"இதுல அவங்க இல்லையே அண்ணே."

கடைக்குத் திரும்பினார்கள். மகளுக்கு மூன்று மணிக்குப் பஸ். வீட்டில் அவளுக்கு வேலை இருந்தது, புருஷன் காத்துக்கொண்டிருந்தான். இருக்கச் சொல்ல அண்ணனுக்கு நியாயம் ஏதும் இல்லை. பெட்டியை அவளே எடுத்துக்கொண்டாள். கிழித்த கண்ணாடித்தாளையும் மேஜையிலிருந்து எடுத்து நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"வரேம்ப்பா" என்று படி இறங்கினாள்.

அண்ணன் கடையின் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டிருந்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த ஒரு சட்டியை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். தூசி திட்டாக வந்தது. மகள் தெருமுனையில் நின்றாள். பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் போய், பஸ் நிறுத்தத்தில், கூரைக்கு வெளியே நின்றாள்.

அவர் சட்டியை மேஜைமேல் வைத்தார். அந்தச் சத்தம் வரவில்லை. வெறும் தகரம் இடித்த சத்தம் வந்தது. எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி டயரில் குனிந்தார். அண்ணன் இன்னொரு தடவை வைத்தார், கொஞ்சம் ஓங்கி. வாயைத் திறந்தார். நடுவில் ஒரு லாரி போயிற்று. அது போனபின் பஸ் வந்து நின்றிருந்தது. பஸ் போனபின் அங்கே வெயில்தான் இருந்தது.

"கடை திறந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு அம்மாள் படியேறி வந்தார். மேஜைமேல் இருந்த சட்டியை எடுத்தார், விரலால் சுண்டிப் பார்த்தார், அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன விலை?"

"நீங்க சொல்ற விலைதான்ம்மா" என்றார் அண்ணன்.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. சட்டியை மறுபடி சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன வியாபாரம்? நீங்க ஒரு விலை சொன்னாத்தானே நான் குறைச்சுக் கேக்கணும். எதுனா ஓட்டையா இது?" என்று கேட்டு, கீழே வைத்துவிட்டு, படியிறங்கினார்.

அண்ணன் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் வாசலில் நிற்கிறாரா, தெருமுனையில் நிற்கிறாரா என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.